310 டாலர் கிட்டாருக்கு 65,808 ரூபாய்: ஆன்லைன் ஏலத்துல பழைய லேப் ஸ்டீல் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



"சார், வெளிநாட்டு சைட்ல ஏலத்துல ஒரு பொருள் எடுக்கலாம்னு இருக்கேன், மொத்தமா எவ்வளவு ஆகும்?"னு நிறைய பேர் கேக்கறீங்க. ஒருத்தர் கேமரா லென்ஸ் கேப்பார், ஒருத்தர் வாட்ச் கேப்பார். இன்னைக்கு நான் எடுத்துக்கிட்டது கொஞ்சம் வித்தியாசமான பொருள், லேப் ஸ்டீல் கிட்டார். காரணம், இது எங்க வீட்டுலயே நடந்த கதை. தம்பிகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் மட்டும் போட வேண்டாம்னு சொல்லிட்டான்.

எனக்கு சொந்த ஊர் விருத்தாசலம் பக்கத்துல மங்கலம்பேட்டை. எங்க சித்தப்பா விருத்தாசலத்துல ஒரு செராமிக் யூனிட்ல வேலை பார்த்தவர். நம்ம வீட்டு ஃபியூஸ் கேரியர், கரண்ட் கம்பத்துல இருக்கிற பீங்கான் இன்சுலேட்டர், இதெல்லாம் சூளையில வேகுற ஊர் அது. பகல்ல சூளை, ராத்திரி மெல்லிசைக் குழு. எண்பதுகள்ல மாசி மகத்துக்கு, சுத்துப்பட்டு கோயில் திருவிழாவுக்கெல்லாம் மேடையில உட்கார்ந்து மடியில ஒரு கிட்டாரை வச்சு, இடது கையில இரும்பு உருளையைத் தேய்ச்சு வாசிப்பார். ஊர்ல அதுக்குப் பேர் ஹவாயன் கிட்டார். 2014-ல தம்பிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சப்ப, முதல் வருஷ ஃபீஸ்ல குறைஞ்ச பணத்துக்கு வீட்டுல இருந்த சில சாமான்களோட அந்தக் கிட்டாரும் போயிடுச்சு. 2,000 ரூபாய்க்கு வித்தார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

2023-ல சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். தம்பிக்கு அப்ப வயசு 27, சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 46,000. "அப்பாவுக்கு ஒரு ஒரிஜினல் அமெரிக்கன் லேப் ஸ்டீல் வாங்கித் தரணும் அண்ணா"னு ஆசைப்பட்டான். ஆசையில ஒரு தப்பும் இல்ல. கணக்குதான் தப்பாப் போச்சு.

முதல்ல, இது என்ன கருவி?

சாதாரண கிட்டார்ல விரலால கம்பியை அழுத்துவோம். லேப் ஸ்டீலை மடியில படுக்க வச்சு, கம்பி மேல ஒரு ஸ்டீல் பாரை நகர்த்தி வாசிக்கணும். நம்ம ஊர் கோட்டுவாத்தியம், அதாவது சித்திரவீணை, வாசிக்கிற முறைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. ஹவாய் தீவுல ஜோசப் கெகுகுங்கிறவர் 19-ம் நூற்றாண்டு கடைசியில இந்த முறையைப் பிரபலப்படுத்தினார்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. விற்பனைக்குன்னு தயாரிச்ச முதல் எலெக்ட்ரிக் கிட்டார்னு இசை வரலாற்றுல சொல்றதே ஒரு லேப் ஸ்டீலைத்தான். 1932-ல வந்த ரிக்கன்பேக்கர் 'ஃபிரையிங் பேன்'. பார்க்க தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வச்ச மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் கிப்ஸன் ஈ.ஹெச்.-150, சுப்ரோ, நேஷனல், ஃபெண்டர் சாம்பியன்னு வரிசையா வந்துது. ஓஹையோ மாநிலம் கிளீவ்லாண்டுல இருந்த ஓவாஹூ கம்பெனி, பாடத்தோட சேர்த்து மாணவர்களுக்குக் கிட்டாரையும் வித்துது.

இந்தியாவுல இதுக்குத் தலைநகர் கொல்கத்தா. டாவ் மோங்கிற ஹவாய் கலைஞர் 1940-கள்ல அங்க தங்கி வாசிச்சார். பிரிஜ் பூஷண் காப்ரா இதை இந்துஸ்தானி இசைக்குக் கொண்டு வந்தார். 1967-ல வந்த 'கால் ஆஃப் தி வேலி' ஆல்பத்துல அவரோட கிட்டார் இருக்கு. விஸ்வ மோகன் பட் 1994-ல ரை கூடரோட சேர்ந்து கிராமி விருது வாங்கினார். ஸோ, இது யாரோ வெள்ளைக்காரங்களோட பொழுதுபோக்கு மட்டும் இல்ல.

ஏன் சில லேப் ஸ்டீல் மலிவா கிடைக்குது?

பழசுன்னாலே விலை ஏறும்னு நினைக்காதீங்க. விலையைத் தீர்மானிக்கிறது பொருளோட வயசு இல்ல, அதை வாங்க எத்தனை பேர் நிக்கறாங்கங்கிறதுதான். அமெரிக்காவுல 1930-கள்ல இருந்து 50-கள் வரைக்கும் ஹவாய் இசை மோகத்துல மாணவர் மாடல்கள் ஏராளமா வித்துது. அப்புறம் ராக் அண்ட் ரோல் வந்துது, மோகம் போச்சு. கிட்டார் எல்லாம் பரண் மேல ஏறிடுச்சு. இப்ப பேரப்பிள்ளைங்க வீட்டைக் காலி பண்றப்ப அது ஏலத்துக்கு வருது. பொருள் நிறைய, வாசிக்கிறவங்க கம்மி. அதனால மாணவர் மாடல் சில நூறு டாலருக்கே கிடைக்குது.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு. ரை கூடர் தன்னோட எலெக்ட்ரிக் கிட்டார்ல, பழைய வால்கோ லேப் ஸ்டீல்ல இருந்து எடுத்த பிக்கப்பைப் போட்டார். அதைப் பார்த்து மத்தவங்களும் சுப்ரோ மாதிரி லேப் ஸ்டீல்களை வாங்கி, பிக்கப்பை மட்டும் கழட்டிக்கிட்டாங்க. அதனால "ரொம்ப சீப்பா இருக்கே"னு தோணுற பீஸ்ல பிக்கப் ஒரிஜினலான்னு கண்டிப்பா கேளுங்க.

அந்தக் காலை 4 மணி

தம்பி பார்த்தது 1950-கள் மாணவர் மாடல் ஒண்ணு, கூடவே அதோட சின்ன ஆம்ப்ளிஃபயர். இ-பேல ஏலம். நம்ம நேரத்துக்கு விடியற்காலை நாலு மணி சுமாருக்கு முடியுது. முதல்ல அவன் மனசுல வச்ச எல்லை 200 டாலர்.

இ-பேல ஏலம் எப்படி நடக்கும்னு சுருக்கமா சொல்றேன். நீங்க 200 டாலர் அதிகபட்சம்னு போட்டா, சிஸ்டம் உடனே 200-ஐக் காட்டாது. அடுத்தவர் போட்டதுக்கு மேல ஒரு படி மட்டும் ஏத்தி உங்களை முன்னாடி நிறுத்தும். ஜெயிச்சா நீங்க கொடுக்கிறது ரெண்டாவது ஆளோட அதிகபட்ச விலை, அது கூட ஒரு படி. 1961-ல வில்லியம் விக்ரிங்கிற பொருளாதார அறிஞர் இந்த மாதிரி 'ரெண்டாவது விலை' ஏலத்தைப் பத்தி எழுதினார், 1996-ல நோபல் பரிசும் வாங்கினார். அதோட சாரம் எளிமையானது: உங்க உண்மையான மதிப்பு என்னவோ அதை ஒரே தடவை போடுங்க, அப்புறம் தொடாதீங்க.

தம்பி அப்படிச் செய்யல. 200 போட்டான், "நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்"னு மெசேஜ் வந்துது. 210 போட்டான். மறுபடியும் மெசேஜ். 225, 240, 260... கடைசி நாலு நிமிஷத்துல பதினொரு தடவை ஏத்தியிருக்கான். அந்தப் பக்கம் இருந்தவர் 305-ல நின்னுட்டார். அந்த விலையில ஒரு படி 5 டாலர். 310-க்கு இவனுக்கு விழுந்துது.

4.20-க்கு எனக்கு வாட்ஸ்அப்: "அண்ணா, ஜெயிச்சிட்டேன்!"

காலையில எழுந்து கேட்டேன், "எவ்வளவுப்பா ஆச்சு?"

"310 டாலர்ண்ணா. 25,000 சொச்சம்."

"ஷிப்பிங்? கஸ்டம்ஸ்?"

கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம், "அதெல்லாம் பெருசா வராதுல்லண்ணா?"

இங்க நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மணிலாவும் நெல்லும் உளுந்தும் மூட்டை மூட்டையா வரும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள்ல மறைமுக ஏலம்னு ஒரு முறை உண்டு. வியாபாரி குவியலைப் பார்ப்பார், கையில அள்ளிப் பார்ப்பார், ஒரு விலையை எழுதிக் கொடுப்பார். அடுத்தவர் என்ன எழுதினார்னு தெரியாது. அதனால வீம்புக்கு ஏத்த முடியாது. தனக்குக் கட்டுப்படியாகுற விலையைத்தான் எழுதுவார். ஆன்லைன் ஏலத்தையும் இதே மாதிரி நினைச்சுக்கோங்க. சீட்டுல ஒரே விலை எழுதி உள்ள போட்டாச்சு, அவ்வளவுதான். போட்டுட்டுப் போய்த் தூங்குங்க.

உண்மையான பில்

இப்ப கணக்குக்கு வருவோம். டாலர் 83 ரூபாய்னு எல்லா வரிக்கும் ஒரே மாதிரி வச்சிருக்கேன். உண்மையில கார்டு விலையும், கஸ்டம்ஸ் அறிவிக்கிற விலையும் கொஞ்சம் வேறுபடும்.

• ஏல விலை 310 டாலர்: ரூ.25,730
• ஷிப்பிங் 190 டாலர்: ரூ.15,770
• கார்டு ஃபாரக்ஸ் மார்க்அப் 3.5%, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி.: ரூ.1,714
• கஸ்டம்ஸ்: ரூ.13,114
• கூரியர் கிளியரன்ஸ் கட்டணம், ஜி.எஸ்.டி.யோட: ரூ.1,180
• வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தப்ப மொத்தம்: ரூ.57,508
• ரிப்பேர், ஸ்ட்ரிங், ஸ்டீல் பார்: ரூ.8,300
• கடைசிக் கணக்கு: ரூ.65,808

25,730-ன்னு நினைச்சது 65,808. ரெண்டரை மடங்கு. அவன் சம்பளத்துல கிட்டத்தட்ட ஒன்றரை மாசம்.

கஸ்டம்ஸ் 13,114 எப்படி வந்துதுன்னு கேப்பீங்க. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க.

முதல் விஷயம், வரி பொருளோட விலைக்கு மட்டும் இல்ல. பொருள், சரக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ் மூணையும் கூட்டின மதிப்புக்கு வரி. விமானத்துல வர்ற சரக்குக்கு, எவ்வளவு ஷிப்பிங் கொடுத்திருந்தாலும் மதிப்புல சேர்க்கிற சரக்குக் கட்டணம் பொருள் விலையில 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2007 சுங்க மதிப்பீட்டு விதிகள்ல இருக்கு. இன்ஷூரன்ஸ் தொகை தெரியலைன்னா 1.125% சேர்ப்பாங்க. ஸோ 25,730 + 5,146 + 289 = 31,165. கூரியர் அனுப்புற பில் ஆஃப் என்ட்ரியில முழு ஷிப்பிங்கையும் சேர்த்திருந்தா கேள்வி கேளுங்க. கேக்காம யாரும் திருத்த மாட்டாங்க.

ரெண்டாவது, வரி மேல வரி. அப்ப சொந்த உபயோகத்துக்குன்னு வர்ற பொருளுக்கு அடிப்படை சுங்க வரி 10%. அந்த வரி மேல 10% சமூக நல கூடுதல் வரி, அதாவது 1%. இப்ப 100 ரூபாய் பொருள் 111 ஆச்சு. அந்த 111 மேல 28% ஐ.ஜி.எஸ்.டி., 31.08. மொத்தம் 42.08%. நூத்துக்கு நாற்பத்திரெண்டு!

இந்த விகிதங்கள் மாறிக்கிட்டே இருக்கும். ஐ.ஜி.எஸ்.டி. 18% ஆனா இதே கணக்குல மொத்தம் 30.98% வரும். அதனால ஏலத்துல இறங்குற அன்னைக்கு சுங்கத்துறையோட ஐஸ்கேட் தளத்துல அன்னைய விகிதத்தைப் பாருங்க. யூடியூப்ல பழைய வீடியோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, என் வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

தலைகீழ் கணக்கு: ஏலத்துக்கு முன்னாடி போட வேண்டியது

நம்ம ஆளுங்க ஏல விலையில இருந்து மேல கூட்டிக்கிட்டே போவாங்க. நீங்க மொத்த பட்ஜெட்ல இருந்து கீழ கழிச்சுக்கிட்டு வாங்க. தம்பிக்கு அன்னைக்கு 40,000 ரூபாய்தான் தாங்கும்னு வச்சுக்குவோம்.

1. ரிப்பேருக்குன்னு 8,000 எடுத்து வைங்க. மீதி 32,000.
2. ஷிப்பிங் 15,770, அதோட கார்டு மார்க்அப் சேர்த்து 16,421. மீதி 15,579.
3. கிளியரன்ஸ் 1,180. மீதி 14,399.
4. ஏல விலையில ஒவ்வொரு ஒரு ரூபாய்க்கும், மார்க்அப்பும் கஸ்டம்ஸும் சேர்ந்து சுமார் 1.55 ரூபாய் ஆகுது. 14,399-ஐ 1.551-ஆல வகுத்தா சுமார் 9,284 ரூபாய்.
5. 83-ஆல வகுத்தா சுமார் 112 டாலர்.

அதாவது அவன் சீட்டுல எழுதியிருக்க வேண்டிய விலை 112. எழுதினது 310. அந்த 112-ல கிடைக்கலைன்னா, 'தோத்துட்டேன்'னு அர்த்தம் இல்ல. அது நமக்கான பொருள் இல்லைன்னு அர்த்தம். அடுத்த மாசம் இன்னொண்ணு வரும்.

விலை நியாயமான்னு பார்க்க, ஏலத்துல இப்ப ஓடுற விலையைப் பார்க்காதீங்க. 'விற்ற பொருட்கள்' ஃபில்டரைப் போட்டு, அதே மாடல் முடிஞ்ச விலை என்னன்னு பாருங்க. கேக்கிற விலை வேற, கைமாறின விலை வேற.

அந்த ஆம்ப் ஏன் வந்துது?

190 டாலர் ஷிப்பிங்ல பெரிய பங்கு அந்த ஆம்ப்ளிஃபயரோட எடைக்குத்தான் போச்சு. கிட்டார் மட்டும்னா சுமார் 80 சென்டிமீட்டர் நீளம், சின்னப் பெட்டி.

விழா அன்னைக்குக் காலையில பார்சலைப் பிரிச்சோம். சித்தப்பா கிட்டாரைக் கையில வாங்கி, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. கம்பியை ஒவ்வொண்ணா முறுக்கி சுருதி சேர்த்தார். தம்பி அவசரத்துல ஆம்ப் ஒயரை அடாப்டர்ல சொருகி ஸ்விட்ச் போட்டான். 'டப்'புன்னு ஒரு சத்தம், கருகின வாசனை, வீட்டுல கரண்ட் போச்சு.

அமெரிக்காவுல 120 வோல்ட், ஜப்பான்ல 100 வோல்ட், நமக்கு 230. பிளக் அடாப்டர் முள்ளோட வடிவத்தைத்தான் மாத்தும், வோல்டேஜை மாத்தாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். இதைவிட முக்கியம், அந்தக் காலத்து சின்ன ஆம்ப்கள்ல சிலதுல எர்த் கிடையாது. சிலதுல மெயின்ஸைத் தனியாப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஸ்டீல் பாரைக் கையில பிடிச்சு வாசிக்கிற கருவி இது, ஷாக் அடிச்சா உயிருக்கே ஆபத்து. பழைய ஆம்பை விவரம் தெரிஞ்ச மெக்கானிக் திறந்து பார்க்காம கரண்ட் கொடுக்கவே கூடாது.

சித்தப்பா எழுந்து போய் ஃபியூஸ் கேரியரைக் கழட்டினார். உருகின கம்பியைப் பார்த்துட்டு, பீங்கானைத் திருப்பிப் பார்த்தார். "பீங்கானுக்கு ஒண்ணும் ஆகல. நாங்க சுட்டதா இருக்கும்"னு சிரிச்சார். அப்புறம் கிட்டாரை மடியில வச்சு, ஆம்ப் இல்லாமலே மெதுவா வாசிச்சார். முழுக்கட்டை எலெக்ட்ரிக் லேப் ஸ்டீலுக்கு ஆம்ப் இல்லைன்னா சத்தமே வராது. காதை மரத்துகிட்ட கொண்டு போய்க் கேட்டார்.

"எவ்வளவுடா ஆச்சு?"

"பதினஞ்சாயிரம்ப்பா."

"பதினஞ்சாயிரமா! ஏன்டா, அவ்வளவு காசு போட்டு..."

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கார்டு கதை

அவன் கார்டு பில் 43,214. அந்த மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டியிருந்தான். கஸ்டம்ஸ் பணத்தை ரூம்மேட்கிட்ட கடன் வாங்கியிருந்தான். மாசம் 3.5% வட்டின்னா 43,214-க்கு 1,512, அதுக்கு ஜி.எஸ்.டி. 272. மாசா மாசம் சுமார் 1,784 ரூபாய் சும்மா போகுது. வருஷத்துக்கு 42% வட்டி.

ஆனா அவன்கிட்ட பேங்க்ல 40,000 சொச்சம் ஆர்.டி. இருந்துது! கிட்டத்தட்ட 7% வட்டியில. "அதை உடைச்சா நஷ்டம்ல அண்ணா?"ன்னான். 42% கடனை வச்சுக்கிட்டு 7% சேமிப்பைக் காப்பாத்துறதுதான் நஷ்டம். அடுத்த நாளே உடைச்சு கார்டை அடைச்சோம். ரூம்மேட் கடனை மூணு மாசத்துல தீர்த்தான்.

அப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணோம். மாசம் 3,000 தனி ஆர்.டி., பேரு 'ஆசை அக்கவுண்ட்'. 14 மாசத்துல வட்டி இல்லாமலே 42,000. முன்னாடியே இதைச் செஞ்சிருந்தா கிட்டாரும் வந்திருக்கும், கடனும் இருந்திருக்காது. அறுபதாம் கல்யாணத் தேதி அறுபது வருஷமா தெரிஞ்ச தேதிதானே!

வாங்கியே ஆகணும்னா செக்லிஸ்ட்

பொருளைப் பத்தி: பிக்கப், வால்யூம் கன்ட்ரோல், ட்யூனிங் கீ எல்லாம் ஒரிஜினலான்னு கேளுங்க. வாசிச்சுக் காட்டுற வீடியோ கேளுங்க. உள்ள இருக்கிற வால்யூம் பாட்ல ஒரு எண் இருக்கும். 137-ல ஆரம்பிச்சா சி.டி.எஸ். கம்பெனி, 304-ன்னா ஸ்டாக்போல். அடுத்த எண்கள் வருஷமும் வாரமும். 137 6612-ன்னா 1966-ம் வருஷம் 12-வது வாரம். விக்கிறவர் '1950 மாடல்'னு சொல்லி இந்த எண் இருந்தா, ஒண்ணு பாட் மாத்தியிருக்காங்க, இல்ல வயசு பொய். 'உள்ளது உள்ளபடி', 'பாகங்களுக்கு மட்டும்'னு போட்டிருந்தா, ரிப்பேர் செலவு உங்க தலையிலன்னு அர்த்தம்.

மரத்தைப் பத்தி: பிரேசிலியன் ரோஸ்வுட் 1992-ல இருந்து சைட்டீஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. அனுமதி இல்லாம எல்லை தாண்டினா பறிமுதல் ஆகலாம். யானைத் தந்தம், ஆமை ஓடும் அப்படித்தான். லேப் ஸ்டீல்ல அதிகமா வர்ற மஹாகனி, மேப்பிள், கோவா உடம்பா இருந்தாலும், ஃபிங்கர்போர்டு என்ன மரம்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

பணம் கட்டுறப்ப: 'ரூபாயில கட்டலாமா'ன்னு சைட் கேட்டா டாலர்னு சொல்லுங்க. அந்த ரூபாய் கணக்குல அவங்க மார்க்அப் ஒளிஞ்சிருக்கும். மார்க்அப் குறைவான கார்டைப் பயன்படுத்துங்க. சைட்டுக்கு வெளியில, நேரா அக்கவுண்டுக்கு பணம் போடச் சொன்னா அந்த இடத்துலயே விட்டுடுங்க. வாங்குறவருக்கான பாதுகாப்பு எல்லாம் சைட்டுக்குள்ள கட்டினாத்தான்.

கஸ்டம்ஸ்ல: 'கிஃப்ட்னு போட்டு அனுப்பறேன், 50 டாலர்னு எழுதறேன்'னு விக்கிறவர் சொல்லுவார். வேண்டாம். 5,000 ரூபாய் வரைக்கும் இருந்த கிஃப்ட் சலுகையை 2019 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. மதிப்பைக் குறைச்சுச் சொல்றது சுங்கச் சட்டப்படி குற்றம். பார்சல் தொலைஞ்சா இன்ஷூரன்ஸும் 50 டாலருக்குத்தான் கிடைக்கும். கே.ஒய்.சி.க்கு ஆதார், பில் காப்பி, பணம் கட்டின ஆதாரம் எல்லாம் கையில ரெடியா வைங்க. லேட் ஆனா குடோன் வாடகை ஏறும்.

சொந்தக்காரங்க வர்றாங்களா? அமெரிக்காவுலயோ சிங்கப்பூர்லயோ மாமா, அக்கா இருந்தா, அவங்க அட்ரஸுக்கு அனுப்பி, வர்றப்ப கொண்டு வரச் சொல்லலாம். பேக்கேஜ் விதிகள்ல வரி இல்லாத வரம்பு உண்டு. 2016 விதிகள் வந்தப்ப வெளிநாடு போய்த் திரும்புற இந்தியருக்குப் பொதுவா 50,000 ரூபாய். வரம்பும் நிபந்தனையும் மாறும், டிக்கெட் போடுறப்பவே பாருங்க. பெட்டிக்குள்ள அடங்குற கருவிங்கிறதால இதுதான் பெரும்பாலும் மலிவான வழி.

இது முதலீடா?

"பழைய கிட்டார் விலை ஏறும்ல சார்?"னு கேப்பீங்க. 65,808 போட்ட பொருளை இந்தியாவுல அந்த விலைக்கு வாங்க ஆள் வேணும். வரி, ஷிப்பிங், மார்க்அப், கிளியரன்ஸ் எல்லாம் சேர்ந்து 31,778 ரூபாய், அது திரும்பி வராத காசு. பொருள் மாசம் வாடகை தராது, டிவிடெண்ட் தராது. வாசிக்க வாங்குங்க, சம்பாதிக்க வாங்காதீங்க.

வரிக் கோணத்துல ஒரு நல்ல செய்தி. வருமான வரிச் சட்டத்துல, சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருள் மூலதனச் சொத்து கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் மாதிரி சிலதுதான் விதிவிலக்கு. நீங்க வாசிச்ச கிட்டாரைப் பின்னாடி லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி வராது. ஆனா மாசம் ரெண்டு வாங்கி வித்தா அது வியாபாரம். வியாபார வருமானம், இறக்குமதி உரிமம் எல்லாம் வரும். பழைய பொருளை விக்கிறதுக்குன்னு இறக்குமதி பண்றதுக்கு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில கட்டுப்பாடு இருக்கு. 'சைடு பிசினஸ்'னு இறங்குறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

அதுக்கு முன்னாடி இதை ட்ரை பண்ணுங்க

வாசிக்கத் தெரியுமான்னே தெரியாம டாலர் செலவு பண்ணாதீங்க. வீட்டுல தூங்குற சாதாரண கிட்டாருக்கு 'நட் எக்ஸ்டெண்டர்'னு ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கு. அதை மாட்டினா கம்பி உயரும், மடியில வச்சு ஸ்டீல் பாரால வாசிக்கலாம். ரெண்டும் சேர்த்து செலவு ரொம்பக் கம்மி. ஆறு மாசம் கழிச்சும் தினம் எடுத்து வாசிக்கிறீங்கன்னா, அப்ப ஆசை அக்கவுண்டைத் திறங்க. கொல்கத்தா லால்பஜார் ரவீந்திர சரணி பக்கம் இருக்கிற இசைக்கருவிக் கடைகள்லயும் விசாரிங்க. கஸ்டம்ஸே கிடையாது.

எங்க வீட்டு ஆம்பை கடலூர்ல ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் சரி பண்ணிக் கொடுத்தார், 6,500 ரூபாய். ஸ்ட்ரிங்கும் பாரும் 1,800. இப்ப சாயந்திரமானா மங்கலம்பேட்டையில எங்க தெருவுல அந்தச் சத்தம் கேக்குது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சித்தப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டார். "பதினஞ்சாயிரம்னு சொன்னான். ஒட்டியிருந்த கஸ்டம்ஸ் சீட்டை நான் பார்த்தேன்ப்பா. கடன் ஏதாவது வச்சிருக்கானா?"

"இல்ல சித்தப்பா, எல்லாம் அடைச்சாச்சு."

"அது போதும். அவனுக்குத் தெரிய வேணாம்."

கிட்டாரை வித்தது எதுக்குன்னு அவரும் தம்பிகிட்ட சொன்னதில்ல. வாங்கினது எவ்வளவுக்குன்னு அவனும் அவர்கிட்ட சொல்லல. குடும்பத்துல இப்படித்தான் நடக்கும். ஆனா உங்க எக்செல் ஷீட்கிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க.

மேல சொன்ன தலைகீழ் கணக்கை ஸ்டெப் ஸ்டெப்பா நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டறேன். லென்ஸ், வாட்ச், கிட்டார் எதுவா இருந்தாலும் அதே கணக்குதான். ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரே ஒரு விலை எழுதுங்க.